மஞ்சளாயிட்ட நிக்கோட்டின், ஃப்ரீசர்ல வைக்கலாமா?

இ-சிகரெட் லிக்விட் கலக்குறதுக்காக வாங்கி ஆறு மாசமா அலமாரில இருந்த 100 மில்லிகிராம் பிஜி நிக்கோட்டின் (பிஜின்னா புரொப்பிலீன் கிளைக்கால்ங்கிற திரவம், அதுல மில்லிக்கு 100 மில்லிகிராம் நிக்கோட்டின்) லேசா மஞ்சளாயிடுச்சு, கொட்டிடவான்னு கேக்குறீங்க, அவசரப்படாதீங்க, லேசா நிறம் மாறினா ஆக்சிடைஸ் ஆக, அதாவது காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து மாற ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். நல்லா பிரவுனாகி, கலந்த லிக்விடை இழுக்கும்போது தொண்டைல காரமா குத்துச்சுன்னா அப்போ யோசிங்க.

எதிரி மூணு பேரு, காத்து, வெளிச்சம், சூடு. அதுல காத்துதான் பெரிய வில்லன். வாங்குனது ஒரு லிட்டர்னா அத்தனையையும் ஒரே பாட்டில்ல வெச்சு வாராவாரம் திறந்தா ஒவ்வொரு தடவையும் புது காத்து உள்ள போகும், அதனால 100 மில்லி பிரவுன் கண்ணாடி பாட்டில்கள்ல கழுத்து வரைக்கும் ஊத்தி டைட்டா மூடி ஃப்ரீசர்ல போட்டுடுங்க. பிஜி வீட்டு ஃப்ரீசர்ல உறையாது, பாட்டில் வெடிச்சிடும்னு பயமே வேணாம். டிராப்பர் மூடி மட்டும் போடாதீங்க, அந்த ரப்பரை நிக்கோட்டின் நாளாக நாளாக கெடுத்துடும். வெளிய எடுத்ததும் திறக்கவும் கூடாது, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லன்னா ஈரம் உள்ள இறங்கிடும்.

ஊத்தும்போது நைட்ரைல் கிளவுஸ், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம். 100 மில்லிகிராம்னா விளையாட்டில்ல, தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், கைல பட்டா உடனே நிறைய தண்ணி விட்டு சோப்பு போட்டு கழுவுங்க.

வீட்ல குழந்தை இருக்கான்னு நீங்க சொல்லல. இருந்தா சாப்பாடு வைக்கிற ஃப்ரீசர்ல அப்படியே வைக்கவே வைக்காதீங்க, பூட்டுற டப்பால விஷம்னு எழுதி தேதி, அளவோட வைங்க. யாராவது தப்பித்தவறி குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காம பாட்டிலையும் எடுத்துக்கிட்டு நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.