ஸ்டார்முக்குள் டர்போ: கேள்வி பதில்

சான் ஸ்டார்ம் ரெண்டு சீட்டுக் காரில் மாருதி சுசுகி பலேனோ ஆர்எஸ்ஸின் 998 சிசி டர்போ எஞ்சினை ஏத்தறது பத்தி பல ஊர்ல இருந்து வந்த கேள்விகள்.

பல்லடம்: அண்ணா, ஸ்டார்மோட கியர்பாக்ஸையே வெச்சுக்கலாமுங்களா?

வேண்டாமுங்க. ஸ்டார்ம்ல இருக்கறது ரெனோ எஞ்சின், கியர்பாக்ஸ். அந்த பாக்ஸ் எஞ்சினோட சேர்ற பெல் ஹவுசிங்குக்கும் சுசுகி எஞ்சின் பிளாக்குக்கும் போல்ட் ஓட்டை சேராது. பலேனோ கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூணையும் ஒரே செட்டா எடுத்துருங்க. மவுண்ட் வெல்டு வெக்கறதுக்கு முன்னாடி காலி பிளாக்கையும் பாக்ஸையும் தொங்கவிட்டு, டிஃபரன்ஷியல் மையம் சக்கர ஹப் மையத்துக்கு எவ்வளவு நேரா வருதுன்னு பாருங்க. கோணம் கூடினா சக்கரத்தைச் சுத்த வைக்கற டிரைவ் ஷாஃப்ட்டோட ஜாயின்ட் சீக்கிரம் போயிரும். உள் ஜாயின்ட் பலேனோது, வெளி ஜாயின்ட் ஸ்டார்மது, நடுத்தண்டு புதுசு. இஎன்24ங்கற ஸ்டீல் கம்பியில ஸ்ப்லைன் பல் வெட்டி ஹார்டனிங் பண்ணோணும். கோயமுத்தூர்ல அதுக்குப் பட்டறைக்கா பஞ்சம்? ரெண்டு பழைய ஷாஃப்டை வெட்டி ஒட்டாதீங்க, வெல்டுக்குப் பக்கத்துல சூடு பட்ட இடத்துலயே முறுக்கிக்கிட்டு உடையும். சக்கரம் தொங்கும்போதும் முழுசா ஏறும்போதும் நீளம் அளந்துட்டு ஆர்டர் குடுங்க.

ஈரோடு: எத்தனை ஹெச்பி வரும்?

கம்பெனி செட்டிங்ல 100 சுமார், டார்க் 150 என்எம்.

உடுமலை: டர்போ ஆயில் லைன் எப்படிப் போடறதுங்க?

உள்ள போற குழாய் சின்னது போதும். ரிட்டர்ன் அப்படியில்ல, எண்ணெய் தானா வடியோணும். பெரிய குழாய், மேடு பள்ளம் இல்லாத சரிவு, எஞ்சினுக்கு அடியில எண்ணெய் நிக்கற சம்ப்ல எண்ணெய் மட்டத்துக்கு மேல வாய்.

கோபி: ஆர்சியில மாத்திக்கலாமுங்களா?

வேற கம்பெனி எஞ்சினுங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்க நிக்கும். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கோட நிறுத்திக்குங்க.

திருப்பூர்: பலேனோ வயரிங் எதுக்கு அத்தனை? விலை குறைஞ்ச ஸ்டாண்ட்அலோன் ஈசியூ (எஞ்சினை இயக்கற தனி கம்ப்யூட்டர்) போட்டா முடிஞ்சுது.

முடியாதுங்க. இது பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சற டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இன்ஜெக்டரைத் திறக்க 12 வோல்ட் பத்தாது, 65 வோல்ட் பக்கம் வேணும். ஹை பிரஷர் பம்ப் வால்வையும் கேம்ஷாஃப்ட் சுத்துக்கேத்த மாதிரி ஈசியூவே இயக்கோணும்.

திருப்பூர்: காத்து உள்ள போற இன்டேக்ல போர்ட் இன்ஜெக்டர் போட்டுக்கறேன்.

போடலாம். புது மேனிஃபோல்டு, பழைய இன்ஜெக்டர் ஓட்டைக்கு அடைப்பு, பம்ப் இடத்துக்கு மூடி, அப்புறம் முதல்ல இருந்து டியூனிங். இத்தனைக்கும் ஆகற காசுக்கு பலேனோ ஹார்னஸ் (வயர் கட்டு), ஈசியூ, ஆக்சிலரேட்டர் பெடல், மீட்டர், சாவி எல்லாம் ஒரே வண்டியில இருந்து வாங்கிரலாம். சாவி வேற வண்டியதா இருந்தா திருட்டைத் தடுக்கற இம்மொபிலைசர் வண்டியைக் கிளம்ப விடாது.

திருப்பூர்: அந்த ஹார்னஸ் ஸ்டார்ம்ல அடங்காதுங்க.

ஏர்பேக், கதவு, ஏசி வயரைப் பிரிச்செடுங்க, அடங்கும். ஒவ்வொண்ணுக்கும் பேர் எழுதின துண்டுச் சீட்டு ஒட்டிட்டு வெட்டுங்க.

அவிநாசி: ஹெச்பி எவ்வளவு அண்ணா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

சத்தி: பாடி ஃபைபராச்சே, சூடு தாங்குமா?

டர்போவுக்கும், அதுல இருந்து புகை வெளிய போற டவுன்பைப்புக்கும் தகடு மறைப்பு, பானட்டுக்கு அடியில சூடு தடுக்கற ஃபாயில். ஃபைபர் இளகினா பெயிண்ட் முதல்ல கொப்புளிக்கும்.

நாமக்கல்: ஏத்தியாச்சுங்க. ஐடிலிங்ல நீலப் புகை. டர்போ போச்சா, புதுசு வாங்கட்டுங்களா?

உடுமலைக்குச் சொன்னதைப் படிச்சீங்களா? ரிட்டர்ன் குழாயைக் கழட்டிப் பாருங்க. நசுங்கியோ தொங்கியோ இருந்தா எண்ணெய் தேங்கி சீல் வழியா ஒழுகும். புது டர்போவும் அப்படியேதான் புகையும்.