ஜெர்மனியில் ஜெர்மன் முதுகலை: மறுபடியும் இலக்கண வகுப்பா?

ஜெர்மனியிலேயே ஜெர்மன் முதுகலை படித்தால் மீண்டும் இலக்கணம்தான் நடத்துவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மொழி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள், சேர்க்கைக்கான ஜெர்மன் மொழித் தேர்வான டி.எஸ்.ஹெச்.-இல் இரண்டாம் நிலை (டி.எஸ்.ஹெச்.-2) அல்லது அதற்கு இணையான தேர்ச்சியைக் கேட்கும்.

'கெர்மானிஸ்டிக்' எனப்படும் இத்துறைக்கு வழக்கமாக மூன்று கிளைகள்: நவீன இலக்கியம், மொழியியல், இடைக்கால இலக்கியம். பலர் திணறுவது மூன்றாவதில். அங்கு படிக்கும் இடைக்கால உயர் ஜெர்மன், அதாவது கி.பி. 1200-ஐ ஒட்டிய பழைய ஜெர்மன், தெரிந்த மொழிபோலத் தோன்றி ஏமாற்றும். இன்று 'ஹோக்ட்சைட்' என்றால் திருமணம். அன்று அதன் மூலச்சொல் எந்தப் பெருவிழாவையும் குறித்தது. இன்று வேலையைக் குறிக்கும் 'ஆர்பைட்' அன்று துன்பம், பாடு. சங்கப் பாடலில் 'நாற்றம்' நறுமணமாக இருப்பதைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. என்னைக் கேட்டால், படிப்பின் சுவையே இங்குதான்.

பொதுவாக நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். கடைசிச் செமஸ்டர் ஆய்வேட்டுக்கு. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

அயல்நாட்டவருக்கு ஜெர்மன் கற்பிக்கும் ஆசிரியராவதுதான் நோக்கமென்றால் கெர்மானிஸ்டிக்கை விடுங்கள். 'அயல்மொழியாக ஜெர்மன்' என்ற தனி முதுகலை இருக்கிறது.