வாசகர் கேள்வி - பதில்: பள்ளிக்கூடமும் பிள்ளைகளின் உரிமையும்

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போய்த் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் இதுவரை என் வேலையாக இருக்கிறது. சென்ற கூட்டத்தில் குழந்தைகளின் உரிமை பற்றிப் பேசலாம் என்றேன். "அதைப் பேசினால் பிள்ளைகள் யாருக்கும் அடங்க மாட்டார்கள்" என்று மறுத்தவர் இன்னொரு தாய். நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்களை மறுத்தவர் ஆசிரியர் அல்லர், உங்களைப் போன்ற ஒரு தாய் என்பதிலிருந்தே தொடங்குவோம். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டுப் போன பெற்றோர் நம் ஊர்களில் ஏராளம். ஆசிரியர்மீது வைத்த நம்பிக்கையாகவே அவர்கள் அதைச் சொன்னார்கள். கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த அனுமதி பெற்றோர் கொடுக்கக்கூடியதே அல்ல. 2003-லேயே தமிழ்நாட்டுக் கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பள்ளியில் உடல்ரீதியான தண்டனைக்குத் தடை வந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடிப்பதோடு மனத்தைப் புண்படுத்தும் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. "மக்கு" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்வதும், வாசலில் முட்டி போட வைப்பதும் ஒழுங்கு கற்பிக்கும் வழிகளாக இனி எண்ணப்பட முடியாதவை.

இதைக் கூட்டத்தில் சட்டப் புத்தகத்தை நீட்டிச் சொன்னால் ஆசிரியர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள், அந்தத் தாயும் அவர்கள் பக்கமே நிற்பார். மாறாக, பிரம்பு ஏன் கைக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பதே அந்தச் சட்டத்தின் அட்டவணை. அப்படியானால் ஐந்து வகுப்புகளை இருவர் பார்க்க வேண்டும். ஒருவர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புகளின் சத்தத்தை அடக்கப் படாத பாடு படுகிறார். இது அடிப்பதற்கு நியாயம் ஆகாது என்றாலும், "அடிக்காதீர்கள்" என்று சொல்வதோடு குழுவின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். எண்ணிக்கை அறுபதைத் தாண்டியிருந்தால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதும் தீர்மானத்தை நீங்களே முன்மொழியலாம்.

அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டு, சகோதரி. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர் இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. பள்ளி நடக்கும் விதத்தையும் அதற்கு வரும் நிதி செலவாகும் விதத்தையும் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதும் இந்தக் குழுவின் கடமைகள். கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு நாள், இடைவேளை நேரத்தில், நான்கைந்து தாய்மார்களோடு பள்ளியைச் சுற்றி வாருங்கள். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, குடிநீர்க் குழாய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். சிறுநீர் கழிக்கப் போக அனுமதி கேட்டால் திட்டுவார்கள் என்று அஞ்சி, காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். உரிமை என்ற சொல்லை அந்தத் தாய்க்கு விளங்கவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் தீராததைக் கிராம சபைக்குக் கொண்டு போகலாம். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது.

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவள் தோழிகளும்தான் தினமும் வகுப்பறையைப் பெருக்குகிறார்கள். கேட்டால், "நாங்கள் படித்த காலத்தில் பெருக்கவில்லையா?" என்கிறார் என் தந்தை. இது உரிமை மீறலா?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் தந்தை சொல்வதில் பாதி உண்மை உண்டு. தான் கிழித்துப் போட்ட காகிதத்தைத் தானே பொறுக்குவதிலும், வகுப்பு முழுவதும் முறை வைத்துக்கொண்டு பலகையைத் துடைப்பதிலும் குற்றம் ஏதுமில்லை. யார் செய்கிறார்கள், எந்த நேரத்தில், என்ன வேலை என்பதைப் பாருங்கள். துடைப்பம் எப்போதும் பெண் பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது என்றால், அவர்கள் பெருக்கும் நேரத்தில் ஆண் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் அல்லது படிக்கிறார்கள் என்றால், அங்கே பாகுபாடு கற்பிக்கப்படுகிறது. கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளைக்கும் எந்தக் காரணம் கொண்டும் தரக்கூடாத வேலை. அதற்குக் குறிப்பிட்ட சாதிப் பிள்ளைகளைத் தேர்ந்து அனுப்பினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை போகக்கூடிய விஷயம். அப்படி நடந்தால் கூட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-லும் சொல்லலாம்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. குழந்தைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன கருத்து இருக்கும்?
– ஓர் ஆசிரியை, கடலூர் மாவட்டம்

பதில்: ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992-இல் இந்தியாவும் இணைந்தது. அதன் 12-ஆவது பிரிவு, பிள்ளை சொல்வதே முடிவு என்று சொல்லவில்லை. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பை அதன் சொல்லுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறது. கல்வித் திட்டம் பற்றி அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. காலை உணவில் எந்த நாள் அதிகம் மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது என்று கேளுங்கள். பள்ளியின் படத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, போகப் பிடிக்காத இடத்தில் ஒரு கல்லை வைக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு கற்கள் ஒரே மூலையில் சேர்ந்தால், அங்கே பெரிய பையன்கள் மிரட்டுகிறார்களா, நாய் படுத்திருக்கிறதா, விளக்கு இல்லையா என்று நீங்கள் போய்ப் பார்த்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேட்கத் தொடங்கினால், கேட்க எதிர்பாராததும் காதில் விழும். பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை சொன்னால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மேலாண்மைக் குழுவிலோ ஊர்ப் பெரியவர்களிடமோ பேசித் தீர்க்க அதில் இடமே இல்லை. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் படிப்பது தனியார் பள்ளியில். இந்தச் சட்டமெல்லாம் அங்கே செல்லுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மேலாண்மைக் குழு கட்டாயம் இல்லை; அடிக்கக் கூடாது என்ற 17-ஆவது பிரிவு பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதைக் குற்றமாக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு எந்தப் பள்ளியையும் விட்டுவைக்கவில்லை. புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.