கிரீனுக்கு அருகில் வீணாகும் அடிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வாரம் இருமுறை டர்பனில் கோல்ஃப் ஆடுகிறேன். தொலைவிலிருந்து அடிக்கும் பந்து ஓரளவு நேராகவே போகிறது. கிரீனுக்கு (குழி இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய பகுதிக்கு) அருகில் வந்ததும் ஒன்று பந்து அரை மீட்டர் நகர்ந்து நின்றுவிடுகிறது, அல்லது கிரீனைத் தாண்டி ஓடிவிடுகிறது. முகம் 60 டிகிரி சரிந்த வெட்ஜ் என்னும் மட்டையை வாங்கியும் பயனில்லை. (வாசகர், சாட்ஸ்வர்த்)

பதில்: ஐயா, நீங்கள் இரண்டு குறைகளைச் சொல்கிறீர்கள், இரண்டுக்கும் வேர் ஒன்றே. பந்தைக் கையால் தூக்கிவிட முயல்கிறீர்கள். அப்போது உடலின் எடை வலக்காலுக்குச் சாய்கிறது. மட்டை பந்துக்குப் பின்னாலேயே தாழ்ந்துவிடுகிறது. அது தரையில் முதலில் இடித்தால் பந்து நகராது. இடிக்காமல் மேலெழும் வேளையில் அதன் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டால் பந்து பறந்து ஓடிவிடும். ஆகவே கால்களை நெருக்கி நின்று, எடையில் பெரும்பகுதியை இடக்காலில் வைத்து, கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்குமாறு பிடித்து, அடி முடியும்வரை அந்த எடையை அங்கேயே வைத்திருங்கள். பந்தை உயர்த்தும் வேலையை மட்டை முகத்தின் சரிவு பார்த்துக்கொள்ளும்.

புதிய வெட்ஜைச் சில மாதங்கள் பையிலேயே வைத்திருங்கள். சரிவு கூடக்கூட அதே தூரத்துக்கு மட்டையை அதிகம் வீச வேண்டியிருக்கும். வீச்சு நீண்டால் பிழையும் பெருகும். 46 டிகிரி அளவிலுள்ள பிட்சிங் வெட்ஜே உங்களுக்குப் போதும்.

நம் கடற்கரைத் திடல்களில் கிக்குயு புல்லையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல் தடித்த கொடிகளாகப் படர்ந்து பந்தைப் பற்றிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் கடலோரத் திடல்களை மனத்தில் கொண்டு எழுதும் பயிற்சியாளர்கள், கிரீனுக்கு முன்பே பந்தை விழவைத்து உருளவிடச் சொல்வார்கள். அங்கே அது சரியான அறிவுரை, ஆனால் கிக்குயுவில் விழும் பந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கிரீனுக்குள் இரண்டு எட்டு வைக்கும் தூரம் தள்ளி விழுமாறு அடியுங்கள். பந்து புல்லுக்குள் ஆழ்ந்து கிடந்தால் மட்டும் 56 டிகிரி அளவிலுள்ள சாண்ட் வெட்ஜை எடுத்து, இடக்கையின் கடைசி மூன்று விரல்களைச் சற்று இறுக்கி, செங்குத்தாக இறக்குங்கள். இறுக்காவிட்டால் புல் மட்டையைத் திருகி முகத்தை மூடிவிடும்.

பயிற்சிக்கு, பந்து விழவேண்டிய இடத்தில் ஒரு துண்டை விரித்து, குழியை அறவே மறந்து, அந்தத் துண்டின்மீது மட்டும் பந்தை இறக்கிப் பழகுங்கள். நான் அறிந்த பயிற்சிகளில் இதைவிடப் பயன் தந்தது வேறில்லை.

கேள்வி: பட்டிங் (கிரீனில் பந்தைக் குழியை நோக்கி உருட்டுவது) செய்யும்போது இடக்கையைக் கீழே வைத்துப் பிடிக்கிறேன். அது தவறு என்கிறான் என் மகன். (வாசகி, ரிசர்வாயர் ஹில்ஸ்)

பதில்: தவறே இல்லை, அம்மா. விதிகள் அதைத் தடுக்கவில்லை. அப்படிப் பிடிக்கும்போது தோள்கள் சமமாக நிற்கும், இடமணிக்கட்டு மடங்காது. ஒன்று இரண்டு மீட்டர் தூரத்தில் இதன் பலன் தெளிவாகத் தெரியும். பத்து மீட்டருக்கு மேல் தூரக்கணக்கு தவறினால் அங்கு மட்டும் வழக்கமான பிடியை முயன்று பாருங்கள். உங்கள் மகனுக்குப் பாப்வா செவ்கோலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். நம் டர்பன் இந்தியரான அவர் பட்டிங்குக்கு மட்டுமன்றி எல்லா அடிகளுக்கும் இப்படியே கைமாற்றிப் பிடித்து, 1959, 1960, 1964 ஆண்டுகளில் டச்சு ஓபனை வென்றார். 1963இல் நேட்டால் ஓபனை வென்றபோது, இனவெறிச் சட்டங்களின் காரணமாக மன்றக் கட்டடத்துக்குள் அவரை விடாமல், கொட்டும் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. உங்கள் பகுதியிலுள்ள திடல் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கேள்வி: பங்கரில் (மணல் பள்ளத்தில்) அடிக்கும் முன் மட்டையால் மணலைத் தொடலாமா? (வாசகர், மெர்பேங்க்)

பதில்: பந்துக்கு நேர் முன்னாலும் பின்னாலும் தொடக்கூடாது, ஒத்திகை வீச்சிலும் பின்வீச்சிலும் மணல் படக்கூடாது. பட்டால், அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் உங்கள் கணக்கில் இரண்டு அடிகள் தண்டனையாகக் கூடும். ஆனால் 2019 விதித் திருத்தத்துக்குப் பின், பந்தை அசைக்காமல் இலையையும் சிறு கல்லையும் எடுத்துவிடலாம். அடிக்கும்போது பந்தைப் பார்க்காமல், அதற்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் பின்னாலுள்ள மணலைப் பார்த்து அடியுங்கள்.