வாசகர் கேள்வி பதில்: வீட்டு ஆர்கேடு பெட்டிக்குக் குறைந்த செலவில் ஸ்பீக்கர்

கேள்வி: பிளைவுட்டில் ஆர்கேடு கேம் பெட்டி செய்து, உள்ளே ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கணினிப் போர்டு, சுருக்கமாக 'பை'), 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர் வைத்திருக்கிறேன். பழைய எல்.இ.டி. டி.வி.யில் கழற்றிய இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது. அதுவே போதுமா, 4 அங்குல கார் ஸ்பீக்கர் வாங்கவேண்டுமா? எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போர்டு போடலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: டி.வி. ஸ்பீக்கரே போதும். விளையாடுகிறவர் இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறார். அங்கே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 2 வாட் கிடைத்தாலே அறை நிறையும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தக் காசை மரவேலையில் போடுங்கள்.

முதலில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 3.2 முதல் 3.8 வரை காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 6 முதல் 7.5 வரை என்றால் 8 ஓம். இரண்டுக்குமே பி.ஏ.எம். 8403 என்ற ஆம்ப் போர்டு ஒத்துவரும். வால்யூம் திருகு உள்ள வகையே நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்; சென்னை என்றால் ரிச்சி தெருவில் கேளுங்கள். 5 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் 3 வாட் என்பது கம்பெனிக் கணக்கு. அந்த அளவில் ஒலி நன்றாகவே கரகரக்கும், சுத்தமாகக் கேட்பது அதற்குக் கீழேதான்.

இரண்டு தவறு இந்தப் போர்டின் உயிரைக் குடிக்கும். ஒன்று, அதற்கு 5.5 வோல்ட்தான் உச்சம். 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் அங்கேயே முடிந்தது. இரண்டு, இடது வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் ஒயர்களை ஒன்றாக முறுக்குவது, அல்லது கிரவுண்டில் (சப்ளையின் மைனஸ் முனையில்) கொடுப்பது. இதில் ஸ்பீக்கருக்குப் போகும் நான்கு முனையிலுமே சிக்னல் ஓடுகிறது. எனவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர் போகவேண்டும்.

டி.வி. ஸ்பீக்கர் பிளாஸ்டிக் கூட்டோடு வந்திருந்தால் கூட்டை உடைக்காதீர்கள், அதுதான் அதன் பெட்டி. கூடில்லாத வெறும் ஸ்பீக்கர் என்றால் பின்னால் ஒரு சின்னப் பெட்டி கட்டாயம். கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்து, பேஸ் (தாழ்ந்த ஒலி) போய்விடும். 12 மி.மீ. பிளைவுட்டில் உள்ளளவு 20 × 15 × 10 செ.மீ. இருந்தால் சரியாக 3 லிட்டர் வரும், 4 அங்குல ஸ்பீக்கருக்கு அது போதும். மூட்டுகளில் உள்ளிருந்து பெவிகால் தடவி, ஒயர் வரும் துளையை சிலிக்கானால் அடையுங்கள். ஸ்பீக்கர் விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே ஃபோம் டேப். உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாகப் பாதி நிரப்பினால் உள்ளிருந்து வரும் எதிரொலி அடங்கும். துளையை ஸ்பீக்கரின் வெளி விட்டத்தை அளந்து வெட்டாதீர்கள். பின்பக்கச் சட்டம் உள்ளே போகிற அளவை எடுத்து அதோடு 2 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

இடம்? மேலே பெயர்ப்பலகைக்கு அடியில், முகம் கீழே பார்த்தபடி. ஒலி நேராக ஆடுகிறவர் முகத்துக்கு வரும், பட்டன் பலகையில் சிந்துகிற தேநீரும் படாது.

கேள்வி: எல்லாம் இணைத்தாயிற்று. கேம் ஓடும்போது 'உர்ர்' என்ற இரைச்சல், திரையில் ஏதாவது நகர்ந்தால் அதுவும் மாறுகிறது. வெடிச்சத்தம் வரும்போது திரை மூலையில் மின்னல் குறி வருகிறது. பைக்கும் ஆம்புக்கும் ஒரே 5 வோல்ட் சப்ளைதான்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மின்னல் குறி வந்தால் பைக்கு வோல்டேஜ் இறங்குகிறது என்று அர்த்தம். வெடிச்சத்தத்தில் ஆம்ப் திடீரென்று கரண்ட் இழுக்கிறது, மெல்லிய ஒயரில் வோல்டேஜ் விழுகிறது. ஆம்புக்குப் போகும் 5 வோல்ட், கிரவுண்ட் ஒயர்களைப் பையின் பின்களிலிருந்து எடுக்காமல் சப்ளையிலிருந்தே தனியாகக் கொண்டுவாருங்கள். போர்டின் பவர் முனைகளில் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்றை மைனஸ் பக்கம் பார்த்துச் சால்டர் செய்யுங்கள்.

இரைச்சலுக்கு ஒரு சோதனை: ஆம்பை மட்டும் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் பொது கிரவுண்ட். பை இழுக்கும் கரண்ட் ஏறி இறங்குவது ஆடியோ ஒயரின் கிரவுண்ட் வழியாக ஆம்புக்குள் புகுந்து ஒலியாகக் கேட்கிறது. தீர்வு, கார் ஆடியோ கடைகளில் விற்கும் 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர். அதை ஆடியோ ஒயரின் நடுவில் செருகினால் போதும். பவர் பேங்கிலும் இரைச்சல் அப்படியே இருந்தால் பையின் ஹெட்போன் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள், ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு போட்டு ஒலியை அதற்கு மாற்றுங்கள். பை 5-இல் ஹெட்போன் ஜாக்கே கிடையாது, அங்கே சவுண்ட் கார்டோ மானிட்டரின் ஆடியோ வெளியீடோதான் வழி.

கேள்வி: தனித்தனியாகக் கேட்டால் இரண்டு ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன. சேர்ந்து ஓடினால் சத்தம் வெளிறிப்போகிறது. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள் (ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு). கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டிலும் குறி வைத்து அதன்படி இணையுங்கள். பழைய ஸ்பீக்கர்களில் அச்சிட்ட குறியை நம்புவதைவிட இது மேல்.

கேள்வி: குத்துச்சண்டை கேம்களில் சின்ன ஸ்பீக்கர் பர்ரென்று அதிர்கிறது. வால்யூமைக் குறைத்தால் பாட்டுக் கேட்கவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: முதலில் முன்பக்க அக்ரிலிக் பலகையை விரலால் அழுத்திக்கொண்டு கேளுங்கள். அதிர்வு நின்றால் குற்றவாளி பலகைதான், அதன் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். நிற்கவில்லையா, ஸ்பீக்கரால் தாங்கமுடியாத பேஸ் அதற்குப் போகிறது. 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்தால் துருவமில்லாத ஒன்று, சுமார் 235 மைக்ரோஃபாரட் அளவில் கிடைக்கும். அதை 4 ஓம் ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரில் தொடராக வையுங்கள். சுமார் 170 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி படிப்படியாகக் குறையும். 8 ஓம் என்றால் அதே கப்பாசிட்டர் 85-இல்தான் வெட்டும், அதற்கு இரண்டு 220 போடுங்கள். பக்கத்துக்கு ஒரு ஜோடி தேவை.

கேள்வி: பழைய படக்குழாய் டி.வி.யை வைத்துப் பெட்டி செய்கிறேன். ஸ்பீக்கர் பக்கத்தில் திரையில் பச்சை, ஊதாத் திட்டு விழுகிறது.
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஸ்பீக்கர் காந்தம் எலக்ட்ரான் கற்றையை இழுக்கிறது. எல்.சி.டி.க்கு இந்தத் தொல்லை இல்லை. கார் ஸ்பீக்கரின் பெரிய காந்தத்தைத் தவிர்த்து, அதே டி.வி.யில் இருந்த ஸ்பீக்கரையே பயன்படுத்துங்கள். படக்குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று செய்தது அது. இல்லையென்றால் திட்டு மறையும்வரை தள்ளி வையுங்கள். பிறகு டி.வி.யை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் உள்ளிருக்கும் டீகாஸ் (காந்தம் நீக்கும்) சுருள் மிச்சக் கறையை எடுத்துவிடும். பின்மூடி திறந்த நிலையில், அணைத்திருந்தாலும், படக்குழாயின் பக்கவாட்டு ரப்பர் மூடியைத் தொடாதீர்கள். அங்கே பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

கேள்வி: ஒரே ஸ்பீக்கர் வைத்தால் குறையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. 1980-இல் வந்த பேக்மேன் போன்ற கேம்களின் ஒலியே மோனோதான் (ஒற்றைத் தடம்). ஆனால் பையிலிருந்து வரும் இடது வலது ஆடியோ ஒயர்களை நேரடியாக முறுக்காதீர்கள், ஒன்றின் வெளியீடு மற்றதன் மேல் மோதும். இரண்டிலும் தலா 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அந்த மறுமுனைகளைச் சேர்த்து ஆம்பின் ஒரு உள்ளீட்டில் கொடுங்கள்.