வயதைக் கேட்ட வழிகாட்டி

அன்புள்ள ஐயா,

போன டிசம்பரில் வியட்நாம் போயிருந்தேன். ஹனோயிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக நின் பின் பகுதிக்குப் பணம் கட்டினேன். காலை ஏழரைக்கு விடுதி வாசலில் மினி பஸ். பதினாறு பேர், ஒரு இளைஞர் வழிகாட்டி. வழியில் கைவினைக் கடை ஒன்றில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். பிறகு ஹோவா லூவில் ஒரே மாதிரி இரண்டு கோயில்கள். பஃபே சாப்பாட்டில் எனக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. தாம் கோக்கில் படகு, மூன்று குகைகள், மூன்றும் ஒரே மாதிரி. பிக் டோங் குகைக்கோயில், கொஞ்சம் சைக்கிள், இருட்டும்போது மறுபடி பஸ். படங்களில் பார்த்த பொன்னிற வயல் எங்குமே இல்லை, வெறும் தண்ணீர்தான். படகோட்டிய பெண்மணி திரும்பும் வழியில் துணிமூட்டையைப் பிரித்து வாங்கச் சொல்லி நச்சரித்தார். கரைக்கு வந்ததும் டிப்ஸ். வழிகாட்டியோ நான் பஸ்ஸில் ஏறியதுமே என் வயது என்ன, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். அது மிகவும் உறுத்தியது. நாள் முழுக்க அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படி வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் ஓடுவதைப் பயணம் என்று சொல்லலாமா? தனியாகப் போயிருக்க வேண்டுமோ? இன்னொன்று: அந்த ஊருக்கும் சோழர்களுக்கும் தொடர்பு உண்டா? வழிகாட்டிக்குத் தெரியவில்லை.

ச., கோவை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை, அந்த இளைஞர் வயதைக் கேட்டார் என்ற வரியில் நின்றுவிட்டேன். சில மாதங்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயத்தை நீங்கள் குறையாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பதில் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தாம் கோக் வயல் பொன்னிறமாவது மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும். டிசம்பரில் போய் நெற்கதிரைக் கேட்டால் யார் தருவார்கள்? கைவினைக் கடை எல்லாச் சுற்றுலாவிலும் உண்டு, விடுங்கள். சாப்பாட்டுக்கு 'சாய்' என்று ஒரு சொல் போதும், அங்கே சைவத்துக்கு அதுதான் பெயர். பௌத்தக் கோயில்கள் இருக்கும் நாட்டில் அந்தச் சொல் தெரியாத சமையற்காரர் கிடையாது. நீங்கள் வழிகாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

ஹோவா லூவின் இரண்டு கோயில்களும் ஒரே மாதிரி என்கிறீர்கள். கூரையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். முதல் கோயில் டின் போ லின்னுக்கு. பன்னிரண்டு குறுநிலத் தலைவர்களை அடக்கி 968-ல் அரசை அமைத்து, அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே தலைநகரைக் கட்டியவர். 979-ல் அவரும் மூத்த மகனும் கொலையானார்கள். மிஞ்சிய வாரிசு சிறு பிள்ளை. வடக்கே சீனத்தின் சொங் அரசின் படை திரண்டுகொண்டிருந்தது. அப்போது அரசி ஸுவோங் வான் ஙா, அரச அங்கியைத் தளபதி லே ஹோவானுக்குப் போர்த்தினார் என்கிறது வரலாறு. பின்னர் அவரையே மணந்தார். 981-ல் சொங் படை தோற்றுத் திரும்பியது. இரண்டாவது கோயில் லே ஹோவானுக்கு. அரசியின் சிலை அந்த இரண்டாவது கோயிலில், லே ஹோவானோடு இருக்கிறது. இரண்டு கோயில்களுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுக்கக் கிடக்கிறது. அதை அந்த இளைஞர் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். நீங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

சோழர் தொடர்பு கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே நம் ஆட்கள் முன்பே போய் இறங்கியிருக்க வேண்டும் என்று தேடுவதை நாம் நிறுத்த வேண்டும். வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். 982-ல் லே ஹோவான் தெற்கே சம்பா நாட்டின் மீது படையெடுத்தார். கொள்ளையோடு அரண்மனைப் பெண்கள் நூறு பேரையும், இந்தியத் துறவி ஒருவரையும் சிறைபிடித்துக் கொண்டுவந்தார் என்று வியட்நாமின் பழைய அரச வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. இராஜராஜன் பட்டம் ஏற இன்னும் மூன்று ஆண்டு இருந்த காலம். துறவியின் பெயரோ ஊரோ மொழியோ அதில் இல்லை. நீங்கள் நின்ற அதே முற்றத்தில் அவரும் நின்றிருக்கலாம். அவரைத் தமிழராக்கிவிடாதீர்கள். அந்த மனிதரை அங்கிருந்தவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு ஓயாத யோசனை. காரணம் இனிமேல் வருகிறது.

வியட்நாமிய மொழியில் ஒருவரிடம் வாயைத் திறக்க வேண்டுமானால் அவர் உங்களைவிட மூத்தவரா இளையவரா என்று தெரிந்தாக வேண்டும். நம்மிடம் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு இருக்கின்றன, சமாளித்துக்கொள்கிறோம். அங்கே முன்னிலைக்கு உறவுமுறைதான் சொல். மூத்த ஆண் 'ஆஞ்', அண்ணன். மூத்த பெண் 'ச்சி', அக்கா. இளையவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'எம்'. அதற்கு மேல் ஒரு தலைமுறை போனால் இன்னும் நுணுக்கம். அப்பாவைவிட மூத்தவர் 'பாக்'. அப்பாவின் தம்பிக்கு வேறு சொல், அப்பாவின் தங்கைக்கு வேறு, அம்மாவின் தங்கைக்கு வேறு, தாய்மாமனுக்கு வேறு. தெருவில் பார்க்கும் அந்நியருக்கும் இவைதான். ஆகவே ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அழைக்க வேண்டுமானால் என் அப்பாவுக்கு இவர் மூப்பா, இளையவரா என்று கணக்குப் போட்டாக வேண்டும். ஆங்கிலம் இதையெல்லாம் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று இரண்டு சொல்லில் மூட்டை கட்டிவிடும். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என்று பிரித்து வளர்ந்த நமக்கு இது ஒரு நொடியில் புரிய வேண்டும். 'பாக் ஹோ' என்று அந்த நாடு ஹோ சி மின்னை அழைக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகப் படித்து நாம் 'ஹோ மாமா' என்று எழுதிவிடுகிறோம். மாமா இல்லை, பெரியப்பா. எல்லோருடைய அப்பாவுக்கும் அண்ணன். எவ்வளவு பெரிய வித்தியாசம், பாருங்கள்.

நம்மைவிட அவர்கள் ஒரு படி மேலே போகிறார்கள். நாம் யாரை அண்ணே என்று கூப்பிட்டாலும் நம்மைக் குறிக்க 'நான்' அப்படியே இருக்கிறது. அங்கே அந்த 'நான்' கூட நிலையாக நிற்காது. அக்காவிடம் பேசும்போது 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்ல மாட்டார்கள். 'எம்முக்குப் பசிக்கிறது' என்பார்கள், அதாவது தம்பிக்குப் பசிக்கிறது. அதே ஆள் தன் தங்கையிடம் திரும்பினால் 'அண்ணனுக்குப் பசிக்கிறது'. பாட்டியிடம் 'பேரனுக்குப் பசிக்கிறது'. 'தோய்' என்று பொதுவான ஒரு 'நான்' இருக்கிறது, இல்லாமல் இல்லை. அலுவலகத்துக்கும் அறிமுகமில்லாதவருக்கும் அது சரி. நெருங்கியவரிடம் திடீரென்று அதைப் போட்டால் சண்டை என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமல் தான் யார் என்றே சொல்ல முடியாத மொழி அது.

உங்களிடம் அவர் ஆங்கிலத்தில்தானே பேசினார், 'யூ' போதாதா என்று கேட்பீர்கள். பேசியது ஆங்கிலம். பேசிய மனம் எந்த ஊர் மனம்? தவிர, ஓட்டுநரிடம், படகுத்துறையில், சாப்பாட்டுக் கடையில் உங்களைப் பற்றி நாள் முழுக்க அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். 'அந்த அக்காவுக்கு இறைச்சி வேண்டாம்' என்பதா, 'அந்தத் தங்கச்சிக்கு' என்பதா? நீங்கள் வயதைச் சொல்லாததால் அவருக்கு நீங்கள் பதினாறில் ஒரு இருக்கையாகவே இருந்துவிட்டீர்கள். கல்யாணக் கேள்வி அதன் வால். நம் ஊர் ரயிலில் எதிர் இருக்கை அம்மா கேட்பதில்லையா?

நீங்களும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள். கடிதத்தை 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கினீர்கள். எப்படி முடிவு செய்தீர்கள்? புகைப்படத்தில் என் நரையைப் பார்த்து மனதுக்குள் வயதைக் கணக்கிட்டீர்கள். இருபத்தைந்து வயதுப் பையன் இதை எழுதியிருந்தால் ஐயா வந்திருக்காது. நீங்கள் மறைவாகப் போட்ட கணக்கை அவர் வாய்விட்டுக் கேட்டார். நீங்கள் செய்தால் மரியாதை, அவர் செய்தால் அத்துமீறலா?

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு 57 வயதானபோது உங்களைப் போலவே ஒருநாள் பயணச்சீட்டு வாங்கி, அதே சாலையில், அதே மாதிரி மினி பஸ்ஸில் போனேன். என்னிடமும் ஒரு பையன் வயதைக் கேட்டான். சொன்னேன். 'என் அப்பாவுக்கு 54. அப்படியானால் நீங்கள் எனக்கு பாக்' என்றான். அன்று மாலை வரை பாக் தண்ணீர் குடித்தாரா, பாக் களைத்துவிட்டாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிக் டோங்கில் மூன்று கோயில்கள் மலையில் கீழ், நடு, மேல் என்று அடுக்காக இருக்கின்றன அல்லவா, நடுக்கோயிலுக்கு மேல் குகைக்குள் படியேறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். அங்கே தொங்கும் மணி 1707-ல் வார்த்தது என்று அவன்தான் காட்டினான்.

ஆனால் எழுத வந்தது படகைப் பற்றி.

தாம் கோக் படகில் நாம் முன்னால் பார்த்து உட்காருவோம். ஓட்டுகிறவர் பின்னால் சாய்ந்து படுத்தாற்போல் இருந்து, துடுப்பின் பிடியைப் பாதத்தால் உதைத்து ஓட்டுவார். கையைவிடக் காலுக்கு வலு அதிகம், முதுகும் தாங்கும், போகும் திசையும் தெரியும். எல்லோரும் அந்தப் பாதங்களைப் படம் எடுக்கிறார்கள், பிறகு திரும்பிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்தப் பெண் நம் பிடரியைப் பார்த்துக்கொண்டே நம்மைச் சுமந்து போகிறார். அவர் முகம் நமக்குத் தெரியாது. உங்கள் கடிதத்திலும் அவருக்கு முகம் இல்லை, மூட்டையும் கையும்தான். படகுக்காரர்களுக்கு முறை வைத்துத்தான் சவாரி கிடைக்கும் என்று அந்தப் பையன் சொன்னான். உங்கள் சவாரி முடிந்தால் அடுத்த முறை வர அவர் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் வான் லாம் எம்பிராய்டரிக்குப் பேர்போன ஊர், மூட்டையில் இருந்தது அந்த வேலை. வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம். நச்சரிப்பு என்று எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் குழுவில் ஒற்றைப்படை ஆட்கள். அதனால் எனக்குத் தனிப் படகு. துறையில் பையனிடம், இவரை நான் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். அவன் அந்த அம்மாளிடம் வயது கேட்டான். என்னைவிட நாலு வயது மூப்பு. 'ச்சி என்று சொல்லுங்கள்' என்றான். நம் காதுக்கு அது எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். வாய் வரவில்லை. படகு நகர்ந்து கொஞ்ச தூரம் போனபிறகு, பிடரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தாங்காமல், மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒருமுறை சொன்னேன். கூம்புத் தொப்பிக்குக் கீழே முகத்தைச் சுற்றியிருந்த துணியை அவர் இறக்கிவிட்டுச் சிரித்தார்.

முதல் குகை ஹாங் கா, 127 மீட்டர். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்து மலைக்கு அடியில் ஆற்றுக்கு வழி விட்டிருக்கிறது. உள்ளே போகப் போகக் கூரை இறங்கிக்கொண்டே வரும். நான் பின்பக்கமாக உட்கார்ந்திருக்கிறேன், எதிரே வரும் பாறை எனக்குத் தெரியாது. இருட்டில் அவர் 'எம்' என்றார். புரியவில்லை. மறுபடி 'எம்', கூடவே ஏதோ இரண்டு சொற்கள், உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினார். குனிந்தேன். தலைக்கு ஒரு சாண் மேலே பாறை வழுக்கிக்கொண்டு போனது. மூன்று குகை, போக ஒருமுறை, வர ஒருமுறை. ஒவ்வொரு தாழ்வுக்கும் 'எம்' என்று குரல் வரும், குனிவேன். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை.

கரையில் பையன் காத்திருந்தான். அவர் என்னவோ எம் எம் என்றாரே, அது என்ன என்று கேட்டேன். 'அது நீங்கள்தான் பாக். நீங்கள் அவரை ச்சி என்றீர்கள் அல்லவா, அப்போது நீங்கள் எம். தம்பி, தலையைக் குனி என்று சொல்லியிருப்பார்' என்றான்.

என் அக்கா போய் அப்போது ஆறு வருடம். அதற்குப் பிறகு ஊரில் என்னைத் தம்பி என்று கூப்பிட யாரும் மிச்சமில்லை.

தனியாகப் போவதா, குழுவோடு போவதா என்று கேட்டீர்கள். உங்கள் வசதிப்படி போங்கள். தனியாகப் போயிருந்தால் எனக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க ஆள் இருந்திருக்காது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மினி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று முந்தின நாள் வாட்ஸப்பில் அந்த இளைஞர் உங்களுக்குச் செய்தி அனுப்பியிருப்பார். எண்ணை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வயதை எழுதி அனுப்புங்கள். அவர் என்ன சொல்லி அழைக்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்