வாசகர் கேள்வி பதில்: பரம்பரைப் பொருளுக்கு என்ன விலை?

கேள்வி: அம்மா காலமான பிறகு அவருடைய வீட்டைச் சென்ற மாதம் ஒழுங்குபடுத்தினோம். ஆயா காலத்துக் குத்துவிளக்குகள், பெயர் வெட்டிய பித்தளைச் சொம்புகள், கண்ணாடி போட்ட மகாலட்சுமி படம், பன்னிரண்டு சவரன் கோத்த காசுமாலை ஆகியவை கிடைத்தன. பழைய சாமான் வாங்கும் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து 15,000 ராண்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். யாரிடம் காட்டி விலை அறிவது?
(ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: தயவுசெய்து அந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். காசுமாலையை மட்டும் கணக்குப் பாருங்கள். ஒரு சவரன் 7.98 கிராம் எடையும் 22 காரட் தரமும் கொண்டது. அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். பன்னிரண்டும் அசல் காசுகளாக இருந்தால் உங்கள் கையில் ஏறத்தாழ 88 கிராம் தங்கம் இருக்கிறது. அதை இன்றைய தங்க விலையால் பெருக்கிப் பார்த்தாலே, அவர் சொன்ன தொகை எவ்வளவு குறைவு என்பது விளங்கிவிடும். சவரனைப் போலவே அடித்த நகைக் காசுகளும் உண்டு என்பதால், நகை மதிப்பீட்டாளர் ஒருவர் எடையையும் தரத்தையும் சோதிக்க வேண்டும். காசின் பின்புறம் ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே 'எஸ்.ஏ.' என்ற எழுத்துகள் இருந்தால், அது 1923 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் நம் பிரிட்டோரியா நாணயச்சாலையில் அடித்தது. ஆனால் கோப்பதற்காக வளையம் பற்றவைத்த காசுக்கு நாணயம் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவது அரிது. பெரும்பாலும் தங்கத்தின் விலைதான் கிடைக்கும்.

மதிப்பீட்டாளரிடம் போகும்போது, எதற்காக மதிப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரே குத்துவிளக்குக்குக் காப்பீட்டுக்காக எழுதும் விலை வேறு, உடன்பிறந்தவர்கள் பங்கிடுவதற்காக எழுதும் சந்தை விலை வேறு, ஏலத்தில் கழிவு போகக் கைக்கு வரும் தொகை வேறு. காப்பீட்டு விலை என்பது அதே போன்ற பொருளைக் கடையில் மறுபடி வாங்க ஆகும் செலவாதலால் அதுவே பெரும்பாலும் அதிகமாக இருக்கும். அதை வைத்துப் பங்கு பிரித்தால் பொருளை எடுத்துக்கொள்பவர் நட்டப்படுவார். உங்களுக்கு வேண்டியது சந்தை விலை. அம்மாவின் சொத்துக் கணக்கை, இறந்தவர்களின் சொத்துகளை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தால், அதற்கென நியமிக்கப்பட்டு உறுதிமொழி எடுத்த மதிப்பீட்டாளரிடமே செல்வது நல்லது.

மதிப்பிடுபவரே வாங்குபவராக இருக்கக் கூடாது. கூலியையும் பொருளின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று பேசாமல், மணிக்கணக்கிலோ பொருளுக்கு இவ்வளவு என்றோ முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் அளவு, எடை, உலோகம், சேதம், படம், எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டார் என்ற விவரம், நோக்கம், தேதி, கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் வெறும் தொகையை எழுதித் தந்தால் அதை ஏற்காதீர்கள்.

அதுவரை எதையும் தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். என் பெரியம்மா வீட்டுச் சொம்பின் கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பெயரும் ஊரும் இருந்தன. விசேஷத்துக்காக ஒரு கடையில் எந்திரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கியபோது அந்தப் புள்ளிகள் அடியோடு மறைந்துவிட்டன. இன்று விரலால் தடவினாலும் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. சொம்பில் உள்ள பெயரும் ஊரும் அந்தப் பட்டியலோடு ஒத்துவருமானால், அது வெறும் பித்தளையாக இல்லாமல் ஒரு குடும்பத்தின் வரலாற்றுச் சான்றாகிவிடும். இந்தப் பட்டியல்களைத் தேட டர்பனில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்தை அணுகலாம்.

மகாலட்சுமி படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றாமல், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து அம்மனின் கன்னத்தைப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் சிறு பூப்போலக் கூடியிருந்தால் அது பிற்காலத்து ஆஃப்செட் அச்சு. கையால் வைத்ததுபோல ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் கல்லச்சுப் படமாக இருக்கலாம். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் படங்கள் அப்படி அச்சானவைதான். அப்படியானால் ஓவியங்களும் அச்சுப் படங்களும் அறிந்த ஒருவரிடம் தனியாகக் காட்டுங்கள். நகை மதிப்பீட்டாளரே படத்துக்கும் விலை சொல்ல முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வீட்டுப் பொருள்களைப் பத்து ஆண்டுகளுக்கு முன் மதிப்பிட்டுக் காப்பீடு செய்தேன். அதுவே போதுமா?
(ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: போதாது. இன்று 1,20,000 ராண்டு பெறும் பொருள்களுக்கு 60,000 ராண்டுக்கே காப்பீடு இருந்து, 20,000 ராண்டு நட்டம் ஏற்பட்டால், 'ஆவரேஜ்' நிபந்தனைப்படி நிறுவனம் பாதியைத்தான், அதாவது 10,000 ராண்டைத்தான் தரும். பொருளின் மதிப்பில் பாதிக்குத்தானே காப்பீடு செய்திருக்கிறீர்கள். தங்க நகைகளையாவது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி மதிப்பிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய ஓவியத்தையும் தந்தம் பதித்த பெட்டியையும் ஆஸ்திரேலியாவில் உள்ள மகளுக்கு அனுப்பலாமா?
(ஒரு வாசகி, டோங்காட்)

பதில்: உடனே அனுப்பிவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுச் செல்வச் சட்டப்படி, மரபுப் பொருள் வகைகளில் அடங்குபவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக மரபுச் செல்வ முகமையின் அனுமதி வேண்டும். ஓவியம் அதில் சேருமா என்பதை, படத்தோடும் மதிப்பீட்டு அறிக்கையோடும் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். தந்தப் பெட்டியின் நிலை இன்னும் கடினமானது: அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி அதற்கு இங்கேயும் அங்கேயும் தனித்தனி அனுமதி தேவைப்படும். கிடைக்கும்வரை பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.